ஐந்து நட்சத்திரமும் பதினோரு ஸ்க்ரூவும்

தீ விபத்துக்குக் காரணம் எழுதும் படிவத்தில் மூன்று கட்டங்கள்தான் உண்டு. கருவியின் குறை, மின்கம்பியின் குறை, உபயோகித்தவரின் குறை. தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர், அவசரப்படவில்லை. கருகிப்போன ஹோம் தியேட்டர் ரிசீவரின் முகப்பை விரலால் துடைத்துப் பார்த்தார். எல்லாம் எரிந்த பிறகும் ஐந்து நட்சத்திர முத்திரை மட்டும் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நட்சத்திரக் கருவியில் குறை இருக்க வழியில்லை என்று முதல் கட்டத்தை அடித்தார். சுவரிலிருந்து வரும் கம்பியை இழுத்துப் பார்த்தார், அது நன்றாகத்தான் இருந்தது. மிச்சமிருந்தது ஒரே கட்டம். அதில் டிக் போட்டு, பக்கத்தில் ‘மேலே துணி போட்டிருக்கலாம்’ என்று எழுதிவிட்டுப் போனார்.

அந்த உபயோகித்தவர் மெக்கானிக்கின் தங்கை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது அது. அவள் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கூடத்தில் ஏழு ஸ்பீக்கரும் அதிர ஒரு சண்டைப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். டிவிக்குக் கீழே, கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள், ஏழு ஸ்பீக்கருக்கும் சத்தம் கொடுக்கிற ரிசீவர் பெட்டி இருந்தது. புகை வந்ததும் மனுஷன் பிளக்கைப் பிடுங்காமல், ஆசையாக வாங்கிய பெட்டியைக் காப்பாற்றப் போனார். கதவைத் திறந்து, இரண்டு கையாலும் பெட்டியை வெளியே இழுத்து, அந்தப் புகை முழுவதையும் தானே குடித்தார். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தார். ஏழாம் நாள் இல்லை.

படிவத்தின் நகல் வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து மாமியார் மருமகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். வருகிறவர்களிடம் மட்டும், “துணி போட்டு வச்சிருக்கா, துணி” என்றாள். தங்கையிடம் ஒரு பூப்போட்ட உறை இருந்தது உண்மை. தூசிக்காக ராத்திரி மூடுவாள், காலையில் எடுத்து மடித்து வைப்பாள். முதல் வாரம், “நான் எடுத்துட்டேண்ணா, சத்தியமா எடுத்துட்டேன்” என்றாள். மூன்றாம் வாரம், “எடுத்தேன்னுதான் நினைக்கிறேன்” என்றாள். இரண்டு மாதம் கழித்து மெக்கானிக் போனபோது, “அன்னிக்கு எடுத்தேனா இல்லையான்னு நீயே சொல்லேன்” என்று அவரையே கேட்டாள்.

அவள் போடவில்லை என்று மெக்கானிக்குக்குத் தெரியும். துணியால் எரிந்த பெட்டி மேலிருந்து எரியும், இது உள்ளிருந்து எரிந்திருந்தது. இருபது வருஷமாக டேப் ரெக்கார்டர் முதல் ரிசீவர் வரை பழுது பார்க்கிற கைக்கு இதுகூடத் தெரியாதா. அந்தப் பெட்டியை வாங்கச் சொன்னதே அவர்தான். “அஞ்சு ஸ்டார் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு” என்று சொன்ன வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. ஆகவே, ஸ்டார் கொடுத்தவர்களைத் தேடிப் போனார்.

ஸ்டார் கொடுப்பது இல்லத் திரையரங்க ஒலிக்கருவி ஆய்வு மற்றும் மதிப்பீட்டு மன்றம். நாலு மாடிக் கட்டிடம், வாசல் கதவு உட்பட எல்லாக் கதவுக்கும் ரப்பர் ஒட்டியிருந்தது. உள்ளே யாரும் சத்தமாகப் பேசக் கூடாது, செருப்பு தேய்க்கக் கூடாது. புகார் வாங்குகிற குமாஸ்தா கிசுகிசுப்பாகக் கேட்டார்:

“புகார் எந்தச் சத்தத்துல? பேஸா, மிட்டா, டிரெபிளா?”

“எரிஞ்சு போச்சுங்க.”

“அதுக்குக் கட்டம் இல்ல. எரியும்போது சத்தம் எப்படி இருந்துச்சு?”

“எங்க மச்சான் செத்துட்டாருங்க.”

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்து, உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு மறுபடி எடுத்தார். “இருந்தாலும் ஏதாவது கரகரப்பு, படபடப்பு?”

“படபடன்னுதான் வெடிச்சிருக்கும்.”

‘டிரெபிளில் லேசான படபடப்பு’ என்று குமாஸ்தா எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்து, நீங்கள் எந்தக் கம்பெனியிலாவது வேலை பார்க்கிறீர்களா, பத்திரிகையில் எழுதுகிறீர்களா, இசை தெரியுமா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றதும் அவர் முகம் மலர்ந்தது. சோதனை முறையை மேம்படுத்த மன்றம் ஒரு குழு போட்டிருந்தது. அதில் எல்லா ஆசனமும் நிரம்பி, ‘பொதுக்காது’ என்ற ஆசனம் மட்டும் பதினான்கு மாதமாகக் காலியாகக் கிடந்தது. அரை மணி நேரத்தில் மெக்கானிக்கின் சட்டையில் ‘பொதுக்காது’ என்ற அட்டையைக் குத்திவிட்டார்கள்.

குழுவின் முதல் கூட்டம் சோபாவைப் பற்றியது. சோதனை ஹாலில் உட்கார்ந்து கேட்கிற சோபா துணியா, தோலா என்று இரண்டரை மணி நேரம் பேசினார்கள். தலைமையில் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் பொற்செவி. மன்றத்தின் விமர்சனங்களையெல்லாம் எழுதுகிறவர் அவர்தான், நாட்டிலேயே விலைமதிப்பற்ற காதுகள் அவருடையவை என்று சொன்னார்கள். அந்தக் காதுகள் தேயக் கூடாது என்பதற்காக நாள் முழுவதும் பஞ்சு அடைத்திருப்பார். அவரிடம் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் சீட்டில் எழுதி நீட்ட வேண்டும். சோதனையின்போது மட்டும் பஞ்சை எடுத்து வெள்ளிக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, நாலு நிமிஷம் கேட்டு, நாலு பக்கம் எழுதுவார்.

மெக்கானிக் கையைத் தூக்கினார். “ஐயா, ஒரு ரிசீவர் எரிஞ்சு ஒருத்தர் போய்ட்டாரு. அந்த மாடலை மறுபடி சோதிச்சுப் பாக்கணும்.”

இயக்குநர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தம்பி, உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசிங்க. இந்த மன்றம் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஆயிரத்து நானூறு கருவி சோதிச்சிருக்கோம். ஒண்ணுகூட நம்ம ஹால்ல எரிஞ்சதில்ல. இங்க எரியாதது வீட்ல எரியுதுன்னா, குறை எங்க இருக்கு? வீட்லதான்.”

எல்லோரும் மேசையை மெதுவாகத் தட்டினார்கள். சத்தம் வராமல் தட்டுவதற்கு அங்கே தனிப் பயிற்சியே உண்டு போலிருக்கிறது.

“ஜனங்க நம்ம நட்சத்திரத்தப் பாத்து வாங்கறாங்க. அது நம்பிக்கை” என்று இயக்குநர் தொடர்ந்தார். “அந்த நம்பிக்கையக் காப்பாத்தறதுதான் நம்ம வேலை. அது சரியான நம்பிக்கையான்னு நோண்டிப் பாக்கறது நம்ம வேலை இல்ல.”

கூட்டம் முடிந்து, தோல் சோபா ஏகமனதாக நிறைவேறிய பிறகு, மெக்கானிக் சோதனை ஹாலைத் தேடிப் போனார். அங்கே ஒரு டெக்னீஷியன் அம்மா இருந்தாள், தலை பாதி நரைத்தவள். பத்தொன்பது வருஷமாக அவள்தான் ஒவ்வொரு பெட்டியையும் அளந்து நம்பர் எழுதுகிறவள். மேசையில் ஒரு புது ரிசீவர் ஓடிக்கொண்டிருந்தது, வயிறு திறந்தபடி. மேல்மூடி இல்லை. உள்ளே நாலைந்து இடத்தில் கிளிப் மாட்டி மீட்டருக்கு ஒயர் போயிருந்தது. பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன் சுழன்று, அதன் காற்று நேராகப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரே ஒரு ஸ்பீக்கர் மட்டும் பாடியது.

“மூடி எங்கம்மா?”

“மூடி போட்டா கிளிப் நசுங்கும். முதல் நாள்லேர்ந்து கழட்டித்தான் பாக்கறோம்.”

“ஃபேன் எதுக்கு?”

“அது எனக்கு. இந்த ரூம்ல ஜன்னல் இல்ல பாருங்க, வேர்த்துக் கொட்டும்.”

“ஒரு ஸ்பீக்கர்தான் ஓடுது?”

“ஒண்ணுதான் நல்ல ஸ்பீக்கர். ஒண்ணுக்கு நூறு வாட் வந்தா, ஏழால பெருக்கி எழுநூறுன்னு எழுதச் சொல்லியிருக்காங்க.”

ஒரு ஆளை ஒரு மூட்டை தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இவன் ஏழு மூட்டையும் சேர்த்துத் தூக்குவான் என்று சான்றிதழ் கொடுக்கிற கதையாக இருந்தது. அந்தம்மா எழுந்து ஒரு பக்கக் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே தரையிலிருந்து கூரை வரைக்கும் மூடிகள். கறுப்பு மூடி, சாம்பல் மூடி, வெள்ளி மூடி, மேலே காற்றுப் போகச் சின்னச் சின்னப் பிளவுகளோடு. சோதித்த பெட்டிகளைக் கம்பெனிகள் திரும்பக் கேட்பதில்லை என்பதால் யாரும் எதையும் திரும்ப மாட்டவில்லை. இருபத்திரண்டு வருஷத்து மூடிகள் அப்படியே அடுக்கியிருந்தன.

மெக்கானிக் அந்தக் கதவருகே அசையாமல் நின்றுவிட்டார். நின்றது ஆச்சரியத்தால் அல்ல. அவருக்குத் தன் கடை மேசை ஞாபகம் வந்துவிட்டது.

நெருப்புப் பிடிப்பதற்கு மூன்று வாரம் முன்னால் தங்கை அந்தப் பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்தாள். “ஓடிக்கிட்டே இருக்கும்போது தானா அணைஞ்சு போகுதுண்ணா” என்றாள். மெக்கானிக் மூடியைக் கழற்றினார், தூசி ஊதினார், மேசையில் வைத்து அரை நாள் ஓட விட்டார். அணையவே இல்லை. எப்படி அணையும், மூடிதான் திறந்திருக்கிறதே. மறுபடி மூடியை வைத்து, பதினோரு ஸ்க்ரூவையும் ஒவ்வொன்றாக இறுக முடுக்கி, “ஒண்ணும் இல்ல, நல்லாதான் இருக்கு” என்று கொடுத்தனுப்பினார். சூடு தாங்காமல் பெட்டி தானே அணைந்து அணைந்து எச்சரித்திருக்கிறது. அந்த எச்சரிப்பும் ஒரு நாள் சூட்டில் கெட்டுப்போயிருக்கிறது. தங்கையிடம் அவர் இதுவரை இதைச் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இப்போதுதான். அந்தம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். மூடியை, ஃபேனை, ஒற்றை ஸ்பீக்கரை. நேர்மையாக இருக்க வேண்டும் என்று தன் தப்பையும் சேர்த்துச் சொன்னார்: “நானும் இப்படித்தாங்க தெறந்து வச்சுப் பாத்தேன். அதான் தெரியல.”

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்போ இருபது வருஷ அனுபவம் உள்ள நீங்களும் நம்ம முறையிலதான் சோதிக்கிறீங்க?”

“ஆமாங்க. அதான் தப்புன்னு…”

“எழுதிக்குங்க” என்றார் இயக்குநர் குமாஸ்தாவிடம். “மன்றத்தின் முறை சரியானதுன்னு வெளி நிபுணர் ஒருத்தர் உறுதிப்படுத்தினார்.”

அதன்பிறகு மூடி பற்றிய விவாதம் மூன்று கூட்டங்கள் நடந்தது. மூடியோடு சோதித்தால் இதுவரை கொடுத்த ஆயிரத்து நானூறு மதிப்பீடும் என்ன ஆகும் என்று ஒருவர் கவலைப்பட்டார். மூடி ரிசீவரின் பகுதியா, அலமாரியைப் போல ஒரு மரச்சாமானா என்று இன்னொருவர் கேட்டார். சீட்டில் எழுதி நீட்டப்பட்ட கேள்வியைப் பொற்செவி நெடுநேரம் படித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்: “மூடி பாடறதில்ல. பாடாத எதுவும் கருவியோட பகுதி ஆகாது.” ஓட்டெடுப்பில் மூடி தோற்றது. ஒன்பதுக்கு ஒன்று.

இருந்தும் மெக்கானிக் விடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அந்த ஒரே பேச்சோடு வந்து நின்றார். அந்த நச்சரிப்பு தாங்காமல் இயக்குநர் கடைசியில் இறங்கி வந்தார். மதிப்பீட்டில் சேராத, கோப்பில் ஏறாத, ‘ஒரு அனுபவம்’ என்ற பெயரில் ஒரே ஒரு முறை சோதித்துக்கொள்ள அனுமதி கொடுத்தார்.

அன்று காலை பத்து மணிக்கு அதே மாடல் ரிசீவரை மெக்கானிக் மேசையில் வைத்தார். டெக்னீஷியன் அம்மா மூடிகளின் அறைக்குள் போய், அரை மணி நேரம் தேடி, அதற்குரிய மூடியைக் கண்டுபிடித்துத் தோளில் சுமந்து வந்தாள். பதினோரு ஸ்க்ரூ முடுக்கினார். ஏழு ஸ்பீக்கர் மாட்டினார், அதில் ஆறு அவர் கடையிலிருந்து கொண்டுவந்தவை. கண்ணாடிக் கதவு வைத்த ஒரு அலமாரிக்குள் பெட்டியைத் தள்ளி, ஃபேனை அணைத்து, ஒரு சண்டைப் படத்தைப் போட்டார். குழு முழுவதும் புதுத் தோல் சோபாவில் உட்கார்ந்தது. பொற்செவி பஞ்சை எடுத்துக் கிண்ணத்தில் வைத்தார்.

இருபதாவது நிமிஷத்தில் பொற்செவி எழுதினார்: ‘குரல்களில் ஒரு இதமான வெதுவெதுப்பு.’ இடையில் இரண்டு முறை பெட்டி தானே அணைந்தது, மெக்கானிக் மறுபடி போட்டார், அதன்பிறகு அது அணையவில்லை. நாற்பதாவது நிமிஷத்தில், ‘வெதுவெதுப்பு மேலும் கூடுகிறது, கேட்பவரை அணைத்துக்கொள்கிறது’ என்று எழுதினார். நாற்பத்தெட்டில் பிளாஸ்டிக் கருகும் வாடை மூக்கைத் துளைத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. வாடைக்குக் கட்டம் இல்லை என்பதால் அதை எங்கே குறிப்பது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐம்பத்திரண்டாவது நிமிஷம் கண்ணாடிக்குப் பின்னால் படபடவென்று வெடித்து, கரும்புகை சுருண்டது. நாற்காலி, சோபா, வெள்ளிக் கிண்ணம் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு எல்லோரும் ரப்பர் கதவை நோக்கி ஓடினார்கள். அத்தனை வருஷத்தில் அந்தக் கட்டிடத்தில் யாராவது சத்தம் போட்டது அன்றுதான்.

டெக்னீஷியன் அம்மா ஓடவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் போய், பிளக்கைப் பிடுங்கினாள். அவ்வளவுதான். ஒரு நொடி வேலை. அதைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குக் கதறி அழ வேண்டும் போலிருந்தது. மச்சானுக்கு அந்த ஒரு நொடி தோன்றவில்லையே என்று அந்தப் புகைக்குள் நின்றபடியே அழுதார்.

வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தங்கைக்குப் போன் செய்தார். “துணி இல்லம்மா. துணியே போடாம எரிஞ்சுது. பத்துப் பேர் முன்னால எரிஞ்சுது. உன் மேல ஒரு குத்தமும் இல்ல.” அந்தப் பக்கம் அவள் போனை எடுத்துக்கொண்டு மாமியாரிடம் ஓடும் சத்தம் கேட்டது. அன்று ராத்திரி மாமியார் மருமகளிடம், “சாப்டியா” என்று கேட்டாளாம். மூன்று மாதத்தில் முதல் பேச்சு.

மன்றம் பதினாறு நாளில் முடிவை அறிவித்தது. மேம்படுத்தப்பட்ட சோதனை முறை வெளியீட்டு விழா என்று மெக்கானிக்குக்கும் அழைப்பு வந்தது. இயக்குநர் பேசினார்:

“ஒரு பொதுக்காது நம்ம கதவத் தட்டுச்சு. நாம கேட்டோம். இன்னிக்கு மூணு பெரிய சீர்திருத்தம் பண்றோம். ஒண்ணு, தோல் சோபா. ரெண்டு, இனிமே அஞ்சு நட்சத்திரம் இல்ல, ஆறு. பழைய அஞ்சு நட்சத்திரக் கருவிங்க எல்லாத்துக்கும் ஒரு நட்சத்திரம் தானா கூடிடும். மூணாவதுதான் முக்கியம். ஒரு கருவி நம்ம ஹால்ல எரிஞ்சுதுங்கற வருத்தமான அனுபவத்த நாம மறைக்கல. ஏன் எரிஞ்சுதுன்னு ஆராய்ஞ்சோம். அதுக்கு மேல மூடி போட்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமா மூடி இல்லாம எரியாத கருவி, மூடி போட்ட அன்னிக்கே எரிஞ்சிடுச்சு. காரணம் பட்டப்பகல் மாதிரி தெரியுது. அதனால இனிமே எல்லாக் கருவியையும் மன்றம் சோதிச்ச நிலையிலேயே, அதாவது மூடி இல்லாமலேதான் உபயோகிக்கணும்னு அட்டைப்பெட்டில அச்சடிக்கச் சொல்லியிருக்கோம்.”

மேசைகள் சத்தமின்றித் தட்டப்பட்டன. மூடி போட்ட குற்றத்துக்காக மெக்கானிக்கின் சட்டையிலிருந்து பொதுக்காது அட்டையைக் குமாஸ்தா மரியாதையாகக் கழற்றிக்கொண்டார். டெக்னீஷியன் அம்மாவை எங்கேயும் காணவில்லை. விசாரித்ததில், கோப்பில் ஏறாத சோதனைக்கு மூடி எடுத்துக் கொடுத்ததற்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

மெக்கானிக் அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். அவருக்கு முன்பே தீயணைப்பு நிலையத்தின் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது. தங்கை கூடத்தில், கரி இன்னும் போகாத சுவருக்கு எதிரே உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தாள். உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. மாமியாருக்கும் யாரோ படித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

‘தாங்கள் துணி போட்டிருந்தீர்கள் என்ற முந்தைய கருத்து மன்றத்தின் பரிந்துரையின்பேரில் நீக்கப்படுகிறது. தாங்கள் மூடி போட்டிருந்தீர்கள் என்று திருத்தப்படுகிறது. உபயோகித்தவர் கீழே கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பவும்.’

“மூடிய கழட்டணும்னு எனக்குத் தெரியாதேண்ணா” என்றாள் தங்கை. குரலில் அழுகை இல்லை, அழுது தீர்ந்திருந்தது. “எத்தனை ஸ்க்ரூ அது?”

“பதினொண்ணு.”

“ரொம்ப நேரம் ஆகுமா கழட்ட?”

“அஞ்சு நிமிஷம்.”

“அஞ்சு நிமிஷம்” என்று அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். “அவருக்காக அஞ்சு நிமிஷம் நான் ஒதுக்கல.”

“பைத்தியம் மாதிரிப் பேசாத. எல்லாப் பெட்டிக்கும் மூடி இருக்கும். மூடியோடதான் விக்கறான், மூடியோடதான் ஓடணும்.” இத்தனை நாள் அவளிடம் சொல்லாததை அப்போதுதான் சொன்னார். “அதுவும் அந்தப் பதினொண்ணையும் முடுக்கினது நீ இல்ல. நான். கடைக்குக் கொண்டு வந்தியே, அன்னிக்கு. தெறந்து வச்சு ஓட்டிட்டு, நல்லாதான் இருக்குன்னு சொல்லி, நான்தான் முடுக்கிக் குடுத்தேன்.”

தங்கை அவரை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது. அவள் கோபப்படவில்லை. கோபத்துக்கு வேண்டிய தெம்பு அவளிடம் இல்லை.

“நீ என்ன பண்ணுவ” என்றாள். “யூஸ் பண்ணவங்கன்னுதானே கேக்கறாங்க. யூஸ் பண்ணது நாங்கதானே.”

பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு உள்ளறைக் கதவைப் பார்த்தாள். அது திறக்கவில்லை.

மெக்கானிக் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவள் கையிலிருந்த பேனாவையும் வாங்கினார். முன்பக்கம் முழுவதும் பார்த்தார், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். ஸ்க்ரூ முடுக்கினவர் கையெழுத்துப் போட அதில் கட்டமே இல்லை.